திருகச் சொல்லும் குமிழ்: ஜெர்மனியில் பொருட்களோடு ஒரு வாரம்

திங்கள், பெர்லின்

பெர்லினின் கிழக்குப் பகுதியில் சாலையைக் கடக்க நின்றால் எதிர் விளக்கில் ஒரு தொப்பிக்காரர் தெரிவார். சிவப்பில் இரண்டு கைகளையும் அகல விரித்து வழி மறிப்பார். பச்சையில் காலை எட்டிப் போட்டு நடப்பார். கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் 1961-ல் கிழக்கு ஜெர்மனிக்காக முன்வைத்த உருவம் இது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும், எழுத்துத் தெரியாத குழந்தைக்கும், உடம்பு நிற்கும் விதமே சேதி சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. உடம்பை ஏன் அவ்வளவு குண்டாக வரைந்தார்கள்? உருவம் தடித்தால் ஒளி வெளிவரும் பரப்பும் கூடும், தூரத்திலேயே கண்ணில் படும்.

ஜெர்மனிகள் இணைந்த பிறகு மேற்கின் ஒல்லி உருவத்தையே எங்கும் பொருத்தத் தொடங்கினார்கள். தொப்பிக்காரரைக் கழற்றியதும் கிழக்கில் எதிர்ப்பு கிளம்பியது. மார்க்குஸ் ஹெக்ஹவுசன் என்ற வடிவமைப்பாளர், கழற்றிப் போட்ட கண்ணாடிகளை வைத்து 1996-ல் விளக்குகள் செய்தார். இப்போது மேற்குப் பெர்லினிலும் தொப்பிக்காரர் நிற்கிறார். 2004-ல் ஸ்விக்காவ் நகரத்தில் சடை போட்ட பெண் உருவமும் விளக்கில் ஏறிவிட்டது. நில், நட என்று மட்டும் சொல்ல வைத்த உருவம் அது. அதன் தலையில் ஒரு காணாமல்போன நாட்டின் ஞாபகத்தை ஏற்றிவைத்தது தெருவில் நடந்த ஜனங்கள்தான். பெக்லாவின் வரைபடத்தில் அது கிடையாது.

நான் கோவையில் மின்சாதனங்களுக்கு வெளிக்கூடு வரையும் வேலையில் இருக்கிறேன். ஒரு ஸ்விட்ச்சைப் பார்த்த மாத்திரத்தில் அது அமுக்கவா, திருப்பவா, இழுக்கவா என்று புரிய வேண்டும். என் பிழைப்பே அதுதான். அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்த ஊர்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இந்தப் பயணம் அதற்காக.

மதியம் பொருட்களின் அருங்காட்சியகம். 1907-ல் கலைஞர்களும் தொழிலதிபர்களும் சேர்ந்து தொடங்கிய ஜெர்மன் வெர்க்புண்ட் அமைப்பின் ஆவணக் காப்பகம்தான் இப்படி வளர்ந்திருக்கிறது. தகர டப்பா, பல் துலக்கி, காபிக் கோப்பை என்று கண்ணாடி அலமாரிகள் நெடுக அன்றாடச் சாமான்கள். நான் அதிக நேரம் நின்றது ஒரு வானொலிப் பெட்டி முன்னால்.

1933-ல் வந்த 'மக்கள் வானொலி' அது. பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் கருப்புக் கூடு, நடுவில் துணி போர்த்திய வட்ட ஒலிபெருக்கி, கீழே குமிழ்கள். வால்டர் மரியா கெர்ஸ்டிங் வடிவமைத்தார். மாடல் எண் 301. 30-1, அதாவது ஜனவரி 30, ஹிட்லர் பதவியேற்ற தேதி. விலை 76 மார்க். அன்றைய மற்ற வானொலிகளோடு ஒப்பிட்டால் நல்ல மலிவு. வீட்டுக்கு வீடு சர்க்காரின் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக வைத்த விலை. தொழில் கண்ணோடு பார்த்தால் சுத்தமான வேலை, அனாவசியமாக ஒரு கோடு கிடையாது. அதுதான் என்னை உறுத்தியது. நல்ல வடிவம் நல்ல நோக்கத்துக்குத்தான் கைகொடுக்கும் என்று எங்கள் துறையில் நிறையப் பேர் உள்ளுக்குள் நம்புகிறோம். இந்தப் பெட்டி முன்னால் அந்த நம்பிக்கை நிற்காது.

1939-ல் போர் தொடங்கியதும் வெளிநாட்டு வானொலி கேட்பதைக் குற்றமாக்கினார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவில் ஓட்டை போட்ட சிறிய அட்டைகளை அச்சடித்து வானொலிக் குமிழ்களில் மாட்டவைத்தார்கள். வெளிநாட்டு நிலையத்தைக் கேட்பது தேசத்துக்கு எதிரான குற்றம், கடுங்காவல் தண்டனை உண்டு என்று அதில் எச்சரிக்கை. குமிழ் உருண்டையாக இருக்கிறது. விரல் பட்டால் 'திருகு' என்கிறது. திருகினால் லண்டனும் வரும். அந்த அழைப்பை வடிவத்திலிருந்து பிடுங்க முடியாமல்தான் அதன் கழுத்தில் மிரட்டலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

செவ்வாய், தேசாவ்

பகல் பொழுது மட்டும்தான் இங்கே. பவுஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளிக்காக அதன் நிறுவனர் வால்டர் குரோபியஸ் கட்டிய கட்டடம், 1926. பட்டறைப் பகுதி முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெயில் காலத்தில் வெந்துபோவார்கள், குளிரில் நடுங்குவார்கள் என்று படித்திருந்தேன். உள்ளே நின்றதும் நம்ப முடிந்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறப்பதில்லை. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலி இழுத்து ஒரு வரிசையே ஒன்றாகச் சாய்கிறது. ஆலை இயந்திரத்தை ஓட்டும் உணர்வை அந்தச் சக்கரம் கைக்குக் கொடுக்கிறது. மாணவர்களை அது என்னவாக நினைக்கச் சொல்லியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். படம் மாட்ட வேண்டிய இடத்தில் வெப்பமூட்டியை மாட்டியிருக்கிறார்கள். 'இந்த வீட்டின் அழகு இதுதான், பார்த்துக்கொள்' என்று சுவரே சொல்கிறது.

மார்செல் ப்ரூயரின் எஃகுக் குழாய் நாற்காலியில் உட்கார விடவில்லை. அது சைக்கிள் கைப்பிடியைப் பார்த்து வந்த யோசனை.

புதன், வைமார்

பவுஹவுஸ் 1919-ல் தொடங்கியது இங்கேதான். நூற்றாண்டுக்காக 2019-ல் திறந்த அருங்காட்சியகத்தில் மரியான் ப்ராண்ட் 1924-ல் செய்த சிறிய தேநீர்க் கெண்டியைப் பார்த்தேன். அரைக்கோள வயிறு, குறுக்குச் சட்டமாகக் கால், அரைவட்டக் கருங்காலிக் கைப்பிடி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பார்த்தால் அச்சில் வார்த்து எடுத்த மாதிரி இருக்கும். உண்மையில் தட்டித் தட்டிக் கையால் செய்தது. விளக்கு செய்த வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்: 1924-ல் லைப்சிக் சந்தைக்குப் பொருட்களைக் கொண்டுபோனபோது வியாபாரிகளும் ஆலைக்காரர்களும் சிரித்தார்களாம். மலிவான இயந்திரச் சரக்கு போன்ற தோற்றம், ஆனால் கைவேலைக்கான விலை. ஆலை வருவதற்கு முன்பே ஆலையின் முகம் வந்துவிட்டது. கெண்டி தேநீருக்காக இருந்ததைவிட, வரப்போகும் ஒரு காலத்தின் அறிவிப்புப் பலகையாகவே அதிகம் இருந்திருக்கிறது.

மதியம் 6-ஆம் எண் பஸ்ஸில் எட்டர்ஸ்பெர்க் மலைக்கு. வைமாரிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். அங்கே புகென்வால்ட், நாஜிகளின் வதைமுகாம். 1937 முதல் 1945 வரை, துணை முகாம்களையும் சேர்த்து, சுமார் 2,80,000 பேரை அடைத்து வைத்து, 56,000 பேருக்கு மேல் உயிர் போன இடம்.

முகாமின் இரும்புக் கதவில் ஒரு வாசகம் இருக்கிறது. 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்று அர்த்தம். பழைய ரோமானியச் சட்ட நெறி. நீதியைப் பற்றிய வாக்கியம். வெளியிலிருந்து வருபவருக்கு எழுத்துகள் இடவலமாகத் தெரியும். நேராகப் படிக்க வேண்டுமென்றால் உள்ளே, கைதிகள் காலையும் மாலையும் நிற்கவைக்கப்பட்ட மைதானத்தில் நிற்க வேண்டும். எழுத்துகளின் சிவப்பும் உள்பக்கத்தில்தான். பொதுவாகக் கதவில் எழுதுவது வருபவருக்காக. இது வெளியே போக முடியாதவருக்காக எழுதியது. எதையும் விளக்காமல், எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலேயே முழுக் கொடுமையையும் வைத்துவிட்டார்கள்.

அந்த எழுத்துகளை வடிவமைத்தவர் ஃபிரான்ஸ் எர்லிஷ். தேசாவ் பவுஹவுஸில் படித்தவர், கம்யூனிஸ்ட், அந்த முகாமிலேயே கைதி. முகாமை நடத்திய ஹிட்லரின் எஸ்எஸ் படையினர் அவரிடம் வேலை வாங்கினார்கள். முகாம் தளபதியின் வீட்டு நாற்காலி மேசைகளையும் அவரைத்தான் வரையவைத்தார்கள். கதவுக்கு அவர் தன் பள்ளியின் பாணியில், ஆசிரியர் யோஸ்ட் ஷ்மித்திடம் பழகிய வடிவத்தில், எழுத்துகளை வரைந்தார். பவுஹவுஸை நெருக்கி 1933-ல் மூடவைத்தவர்கள், தாங்கள் வெறுத்த பள்ளியின் கையெழுத்தைத் தங்கள் கதவிலேயே தொங்கவிட்டார்கள். அவர்களுக்கு அது தெரியவே இல்லை.

இதை ஒரு மறைமுக எதிர்ப்பாகப் பலர் படிக்கிறார்கள். அப்படிப் படிக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மைதானத்தில் நின்று பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. எழுத்து அழகாக இருக்கிறது, இடைவெளி கச்சிதமாக இருக்கிறது, அந்த அழகு வாக்கியத்தைத் துளியும் மாற்றவில்லை. பவுஹவுஸ் எழுத்து தெரிந்த ஒரு கைதிக்கு அது ரகசியக் கைகுலுக்கலாக இருந்திருக்கலாம். தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது வெறும் அடிதான். ஒரே பொருள் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசும் என்று வகுப்பில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே நின்று சொல்லிப் பார்த்தால் அதன் கனம் தெரியும்.

மைதானத்தில் தரையோடு தரையாக ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். விடுதலையான சில நாட்களிலேயே, 1945 ஏப்ரல் 19 அன்று, உயிர் பிழைத்தவர்கள் மரத்தால் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். அதன் நினைவாக 1995-ல் ஹோர்ஸ்ட் ஹோஹைசலும் ஆந்த்ரேயாஸ் க்னிட்ஸும் செய்தது இந்தத் தகடு. கைதிகள் வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினத்தாரின் பெயர்கள் அதில் பொறித்திருக்கின்றன. பக்கத்தில் நின்று பார்த்தால் சாதாரணத் தகடு. மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தால் சூடாக இருக்கிறது. வருடம் முழுக்க, பனி கொட்டும் நாளிலும், அதை 37 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். உயிருள்ள மனித உடம்பின் சூடு.

கண்ணுக்கு ஒன்றுமே காட்டாமல், தொடக் குனிந்தவருக்கு மட்டும் சொல்லும் ஒரு பொருளை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. வழிகாட்டிப் பலகை இல்லாமலே ஜனங்கள் குனிகிறார்கள். முன்னால் குனிந்தவரைப் பார்த்து அடுத்தவர் குனிகிறார்.

வியாழன், ஃபிராங்க்ஃபர்ட்

அக்கா வீட்டில் தங்கல். காலையில் அவளையும் இழுத்துக்கொண்டு ரோமர்ஷ்டாட் குடியிருப்புக்குப் போனேன். முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, எர்ன்ஸ்ட் மை என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் நகராட்சி கட்டிய குடியிருப்புகளில் ஒன்று. அதில் ஒரு வீட்டைப் பழைய நிலைக்கே மீட்டுப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியது சமையலறை.

மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926-ல் வடிவமைத்த 'ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை'. அகலம் இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இதே மாதிரியில் சுமார் 10,000 கட்டினார்கள். ரயில் உணவுப் பெட்டியின் அடுக்களை அவருக்கு முன்மாதிரி. ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி நடக்கிறாள் என்று நேரம் குறித்து அளந்து வரைந்த அறை. சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை, உட்கார்ந்து வேலை செய்ய உயரம் மாற்றும் சுழல் நாற்காலி, வெட்டுப் பலகையில் கழிவைத் தள்ள ஒரு பள்ளம். அலுமினியச் செருகு டப்பாக்களின் முகத்திலேயே பெயர்: அரிசி, சர்க்கரை, ரவை. பிடியும் உண்டு, கொட்ட மூக்கும் உண்டு. மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, பூச்சி அண்டாமல் இருக்க. ஈ வராது என்று நம்பிச் சுவருக்கும் அலமாரிக்கும் நீலப் பச்சை. ஒவ்வொரு சாமானையும் பற்றி ஒருத்தர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா உள்ளே போய் நின்றாள். நான் நுழையப் பார்த்தேன், இடமில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்திதான் நிக்க முடியும். அம்மா அடுப்புல நின்னா நாம எங்க உக்காந்து வெங்காயம் உரிக்கிறது?"

"அப்பா வந்து ஒத்தாசை பண்ணணும்னாலும் இடமில்லையே, அக்கா."

"அதத்தான் சொல்றேன். வரவே வேண்டாம்னு இந்த ரூமே சொல்லிருச்சு."

அக்கா சொன்னதை அன்று குடியேறியவர்களும் சொன்னார்கள். உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பெண்ணின் உடல் உழைப்பைக் குறைக்க வேண்டும், மிச்சமாகும் நேரத்தில் அவள் வெளியே போய்ச் சம்பாதிக்கவும் படிக்கவும் வேண்டும் என்பதே லிஹோட்ஸ்கியின் நோக்கம். அவர் பிற்பாடு நாஜிகளுக்கு எதிராக வேலை செய்து 1941-ல் பிடிபட்டு, போர் முடியும் வரை சிறையில் இருந்தவர். அவர் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த அகலம் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டது. ஒரு பொருள் 'என்னை இப்படிப் பிடி' என்று மட்டும் சொல்வதில்லை. 'பிடிக்கப் போவது நீ' என்று ஆளையும் குறித்துவிடுகிறது. இந்த வாரம் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அந்தச் சமையலறை வாசலில் நின்றபோது பிடிபட்டது.

வெள்ளி, ஃபிராங்க்ஃபர்ட்

மைன் நதிக்கரையில் இருக்கும் பயன்கலை அருங்காட்சியகத்தில் ப்ரவுன் மின்சாதனங்களை வடிவமைத்த டீட்டர் ராம்ஸுக்கென்று ஓர் அறை. ப்ரவுன் நிறுவனம் இந்த ஊரில் பிறந்தது, 1921-ல் மாக்ஸ் ப்ரவுன் தொடங்கியது. அவர் மறைந்த பிறகு 1951-ல் மகன்கள் பொறுப்பேற்று, உல்ம் வடிவமைப்புப் பள்ளியின் ஆட்களை அழைத்தார்கள். அதன் பலனில் ஒன்று 1956-ன் எஸ்கே 4, வானொலியும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்தது. உல்மின் ஹன்ஸ் குகெலோட்டும் ராம்ஸும் செய்தது. அதுவரை வானொலி என்றால் கூடத்தில் பீரோ மாதிரி, பளபளக்கும் மரத்தில் நிற்கும். தான் ஒரு இயந்திரம் என்பதை மறைத்துக்கொண்டு மேசை நாற்காலிக் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். இவர்கள் வெள்ளைத் தகட்டை மடக்கி, பக்கவாட்டில் மட்டும் மரம் வைத்து, குமிழ்களை மேலே ஏற்றி, ஒளி ஊடுருவும் மூடி போட்டார்கள். தகர மூடி அதிர்ந்தது, அதனால்தான் பிளாஸ்டிக் மூடி. மூடியிருக்கும்போதும் தட்டு சுற்றுவது தெரிந்தது. ஜனங்கள் அதற்கு 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று பெயர் வைத்தார்கள்.

1987-ல் ராம்ஸும் டீட்ரிஷ் லூப்ஸும் செய்த கால்குலேட்டரின் பொத்தான்கள் குவிந்திருக்கும். குழிந்த பொத்தான் விரலை உள்ளே வாங்கிக்கொள்ளும். குவிந்தது நுனியைத் தேடி வந்து தொடும், பக்கத்துப் பொத்தான் தவறி அமுங்காது. கருப்பு, பழுப்புக்கு நடுவே 'சமம்' மட்டும் மஞ்சள். கணக்கு எங்கே போய் முடியும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சனி, உல்ம்

ரயிலிலிருந்து இறங்கி டிராம் பிடித்து, குபெர்க் குன்றின் மேல் கொஞ்சம் நடை. உல்ம் வடிவமைப்புப் பள்ளி. பூசாத கான்கிரீட்டில் தாழ்வான கட்டடங்கள், சரிவை ஒட்டி இறங்கிப் போகின்றன. மாக்ஸ் பில் வடிவமைத்தது. 1955 அக்டோபரில் திறந்துவைத்தவர் குரோபியஸ்.

இந்தப் பள்ளி எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்தால்தான் அதன் பிடிவாதம் புரியும். நிறுவியவர்களில் ஒருவர் இங்கெ ஷோல் என்ற பெண். அவருடைய தம்பி ஹன்ஸும் தங்கை சோஃபியும் நாஜிகளுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் வீசியதற்காக 1943 பிப்ரவரி 22 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டவர்கள். அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து, கணவர் ஓட்ல் ஐக்கரோடும் பில்லோடும் சேர்ந்து அவர் 1953-ல் தொடங்கியது இந்தப் பள்ளி. பக்கத்திலேயே குபெர்க் கோட்டை, 1933 முதல் 1935 வரை வதைமுகாமாக இருந்தது. ஆரவாரமான மேடைகளும் கொடிகளும் ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டன என்று பார்த்தவர்கள், கரண்டியும் விளக்கும் மனிதரிடம் நேர்மையாகப் பேசட்டும் என்று உட்கார்ந்தார்கள். மக்கள் வானொலியின் முன்னால் எனக்கு வந்த உறுத்தல் இவர்களுக்கு எழுபது வருடத்துக்கு முன்பே வந்திருக்கிறது.

அதனால்தான் இங்கே குறியியல், அதாவது குறிகள் எப்படி அர்த்தம் சொல்கின்றன என்ற படிப்பு, பாடத்திட்டத்தில் ஏறியது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த தோமாஸ் மால்டொனாடோ அதைக் கற்றுக்கொடுத்தார். மாக்ஸ் பென்ஸே தகவல் கோட்பாடு சொன்னார். காகிதத்தோடு நிற்கவில்லை: ஒலிவெட்டி என்ற இத்தாலிய நிறுவனத்தின் எலெயா கணினிக்கு மால்டொனாடோவும் குய் போன்சீப்பெயும் ஒரு முழுக் குறித்தொகுதி உருவாக்கினார்கள். கணினியையே கண்டிராத காலத்தில், அதன் விசைகளில் இருக்கும் குறிகள் ஒன்றோடொன்று ஓர் இலக்கணப்படி சேர வேண்டும் என்று யோசித்தார்கள். இன்று ஆளுக்கொரு போனில் தட்டும் சின்னங்களின் மூதாதையர் என்று அவற்றைத் தயங்காமல் சொல்வேன்.

காப்பகத்தில் முக்காலியைப் பார்த்தேன். மூன்று பலகை, ஒரு உருளைக் கட்டை, அவ்வளவுதான். 1954-ல் பில்லும் குகெலோட்டும் பட்டறைத் தலைவர் பால் ஹில்டிங்கரும் செய்தது. பள்ளியிடம் காசில்லை, மாணவர்களுக்கு ஆசனம் வேண்டும். உட்காரலாம், கவிழ்த்தால் புத்தகம் வைக்கலாம், மேசைமேல் வைத்தால் பேச்சாளருக்கு மேடை. கட்டையைப் பிடித்துத் தூக்கி அடுத்த வகுப்புக்கு நடக்கலாம். வாங்குபவருக்கு எந்த அந்தஸ்தையும் தராத பொருளாகத்தான் அது பிறந்தது. இன்று அதே முக்காலியைச் சில நூறு யூரோ கொடுத்து வாங்கிக் கூடத்தில் வைக்கிறார்கள், ரசனை உள்ள வீடு என்று காட்ட. பெர்லின் தொப்பிக்காரருக்கு நடந்ததுதான் இதற்கும். வடிவத்தை எவ்வளவு துடைத்துச் சுத்தமாக வைத்தாலும் ஜனங்கள் அதில் தங்கள் அர்த்தத்தை எழுதிவிடுகிறார்கள். அதைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் உல்மின் பலவீனம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி நம்பியிருக்காவிட்டால் இவ்வளவு கவனமாக வேலை செய்திருப்பார்களா என்றும் தோன்றுகிறது.

நிக் ரோரிஷ்ட் 1959-ல் பட்டப் படிப்புக்காகச் செய்த உணவகப் பீங்கான்கள் அடுத்த அலமாரியில். கோப்பையும் கிண்ணமும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்காமல் அடுக்கி நிற்கும். இதை விற்பனைக்குத் தயாரித்தார்கள், உலகம் முழுக்கப் போனது. பள்ளிதான் நிற்கவில்லை. உள்ளே சண்டை, வெளியே மாநில அரசு பணத்தைக் குறைத்தது, 1968-ல் மூடிவிட்டார்கள்.

நமக்கும் இந்தக் குன்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுதாகர் நாட்கர்ணி இங்கே படித்தவர். பம்பாய் ஐஐடியில் 1969-ல் தொழில் வடிவமைப்பு மையம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். குகெலோட் 1965-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து பாடம் எடுத்தார், அதே ஆண்டில் இறந்தும்போனார். அந்த நிறுவனம் 1961-ல் உருவாக அடிப்படை, அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை. அதில் அவர்கள் இந்தியாவில் கண்ட எல்லாவற்றிலும் சிறந்த பொருளாகச் சொன்னது நம் செம்பை. அதைப் பற்றி அடுக்கிய கேள்விகளைப் படித்தால் சிலிர்க்கும்: எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், பிடிக்கும் கை எவ்வளவு பெரிது, தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், காலியானதும் எங்கே நிற்கும், எதன்மீதாவது பட்டால் என்ன ஓசை வரும், விலை என்ன, உருக்கினால் என்ன கிடைக்கும். செம்பை எவரும் தனியாக உட்கார்ந்து வரையவில்லை; தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் சேர்ந்து தீர்மானித்தது அது. ஃபிராங்க்ஃபர்ட்டின் அந்தச் சமையலறைக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

டிசம்பரில் அகமதாபாத்துக்கு ரயில் டிக்கெட் போட்டிருக்கிறேன். பால்டியில் இருக்கும் அந்த வளாகத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தும் எழுதுகிறேன். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.